தந்தி போன வழியில் கணினி



அந்தக் காலத்தில் தாம்பரத்திலிருந்து டெல்லி போகிறவர்கள், திரும்பி வரும் டிக்கெட்டுக்கு இங்கிருந்தே ரயில்வே மூலம் தந்தி கொடுக்க வேண்டும். பதில் வரும்வரை மனசு அடித்துக்கொள்ளும்.

1985-இல் டெல்லியில் கணினி முன்பதிவு தொடங்கியது. பிறகு சென்னைக்கும் வந்தது. ஆனால் ஒவ்வொரு மையமும் தனித்தீவு. 1999-இல்தான் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஐந்தும் இணைந்தன. இங்கே கவுண்ட்டரில் கேட்டால், அங்கிருக்கும் கணினி தேடிப் பதில் சொன்னது.

இப்படி ஒரு கணினி தூரத்திலுள்ள இன்னொன்றிடம் வேலை வாங்குவதற்கு ரயில்வே தனி மென்பொருள் வைத்திருந்தது. யார் வேண்டுமானாலும் இணையம் வழியே செய்ய, 1998-இல் டேவ் வைனரும் மைக்ரோசாஃப்ட்காரர்களும் ஓர் எளிய முறை வகுத்தார்கள். பெயர் எக்ஸ்எம்எல்-ஆர்பிசி. என்ன வேலை, அதற்கு என்னென்ன விவரம் என்று எழுதி அனுப்ப வேண்டும். விடை வரும், தவறென்றால் என்ன தவறு என்று வரும். அவ்வளவுதான்!

வகுப்பில் விடுப்பு விண்ணப்பத்துக்கு 'அனுப்புநர், பெறுநர், பொருள்' என்று வரிசை மாறாமல் எழுதச் சொல்வேனே, நினைவிருக்கிறதா? அதே சங்கதிதான். படிவம் பொதுவாக இருந்தால், முன்பின் தெரியாத இருவருக்குள்ளும் காரியம் நடக்கும்.

சிறுசேரியிலும் தரமணியிலும் கணினி வேலை பார்க்கும் என் பிள்ளைகளே, பிழையிருந்தால் திருத்துங்கள். இப்போது நீங்கள்தான் எனக்கு ஆசிரியர்கள்.