திருச்சிராப்பள்ளிச் சுருட்டு

திருச்சி உறையூரில் கையால் சுருட்டப்பட்டுப் புகழ்பெற்ற சுருட்டு. திண்டுக்கல் வட்டாரப் புகையிலையே இதன் உயிர். 19-ஆம் நூற்றாண்டில் இது பிரிட்டனுக்கும் கப்பலேறியது. ஆர்தர் கானன் டாயிலின் முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில் (1887) துப்பறிவாளர் தரையில் கிடந்த சாம்பலை வைத்தே இதை அடையாளம் காண்கிறார். உறையூர்ச் சுருட்டின் புகழுக்கு இதைவிடப் பெரிய இலக்கியச் சான்று வேண்டியதில்லை.

சுருட்டின் காட்டத்தை அதன்மேல் சுற்றிய மேலிலையின் நிறம் மட்டும் சொல்லிவிடாது. செடியின் அடி இலைகள் மிதமானவை. வெயில் படும் உச்சி இலைகள் காட்டமானவை. அடி இலை மிகுந்தால் மென்சுருட்டு. பழகியவர்கள் முதலில் விரலால் மெல்ல அழுத்திப் பார்ப்பார்கள்: கட்டி தட்டினால் புகை இழுபடாது, தொளதொளத்தால் சீக்கிரம் சூடேறிக் கசக்கும். பற்றவைத்தபின் தணல் ஒரு பக்கமாக ஓடாமல் வட்டமாக எரிய வேண்டும். சாம்பல் உடனே உதிரக் கூடாது. புகையை நெஞ்சுக்குள் இழுக்காமல் வாயில் நிறுத்தி மணம் பார்ப்பது வழக்கம்.

மென்மை என்பது சுவையைப் பற்றிய சொல் மட்டுமே. சுருட்டுப் புகை காரத்தன்மை உடையதால் உள்ளிழுக்காவிட்டாலும் நிக்கோட்டின் வாயின் உட்தோல் வழியே இரத்தத்தில் கலக்கிறது. வாய், தொண்டைப் புற்றுநோய்க்கு மென்சுருட்டும் காரணமாகிறது. இந்தியாவில் பொது இடங்களில் புகைப்பதற்கான தடை 2008 அக்டோபர் 2 முதல் கடுமையாக்கப்பட்டது. அது சுருட்டுக்கும் பொருந்தும்.