கருத்து எழுதக் கூடாத நோட்டு

இங்கிலாந்தில் 1862இல் வந்த ‘திருத்தப்பட்ட விதித்தொகுப்பு’, அரசு மானியம் வாங்கும் தொடக்கப் பள்ளிகளின் மேஜையில் ஒரு தடித்த நோட்டை வைத்தது. லாக் புக் என்று பெயர். தலைமையாசிரியர் தன் கைப்பட எழுதி வர வேண்டும். இன்று இத்தனை பிள்ளைகள், மழை, தட்டம்மை, அறுவடைக்குப் போய்விட்டார்கள், இன்ஸ்பெக்டர் வந்தார் – இப்படி. கூடவே ஒரு விதி: பொதுப்படையான கருத்தோ சிந்தனையோ அதில் இடம்பெறக் கூடாது. நடந்ததை எழுது, நீ நினைத்தது வேண்டாம். உள்ளூர் வரலாறு எழுதுகிறவர்களுக்கு இன்று அந்த நோட்டுகள் புதையல். வறுமை, நோய், குழந்தை உழைப்பு எல்லாம் அதில் உண்டு. எழுதிய மனுஷன் ராத்திரி தூங்கினானா என்பதுதான் கிடைக்காது.

தலைமையாசிரியர்களின் மன அழுத்தம் என்று இப்போது நிறையப் பேசப்படுகிறது. யோகா, மூச்சுப் பயிற்சி, நேர மேலாண்மை என்று மருந்தும் சொல்லப்படுகிறது. அழுத்தம் உள்ளே சுரக்கிற ஏதோ ஒன்று என்பது போல. அது வெளியிலிருந்து, விதியாகவும் கணக்காகவும் கட்டமைக்கப்பட்ட வரலாறு ஒன்று இருக்கிறது. அதை நான் இந்த நோட்டிலிருந்துதான் தொடங்குவேன்.

அந்த விதித்தொகுப்பைக் கொண்டுவந்தவர் ராபர்ட் லோ. ஏழைகளின் கல்வி மலிவாக இல்லாவிட்டால் பலனுள்ளதாக இருக்கும், பலனில்லாவிட்டால் மலிவாகவாவது இருக்கும் என்ற பொருளில் பாராளுமன்றத்தில் பேசியவர். கணக்கு இதுதான்: சராசரி வருகைக்குத் தலைக்கு 4 ஷில்லிங். தேர்வுக்கு நிற்கும் பிள்ளைக்கு 8 ஷில்லிங். வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றில் ஒன்றில் தவறினால் 2 ஷில்லிங் 8 பென்ஸ் கழிவு. மூன்றிலும் தவறினால் பூஜ்யம். அதற்கு முன்பு சான்றிதழ் பெற்ற ஆசிரியருக்கு அரசின் உதவித்தொகை நேரடியாகப் போனது. இப்போது எல்லாம் நிர்வாகத்தின் கையில். பல பள்ளிகளில் வாத்தியாரின் சம்பளமே மானியத்தோடு கட்டப்பட்டது. இதைத் தெரிந்துகொண்டு அந்த நோட்டை மறுபடி படித்தால் வேறு மாதிரி இருக்கிறது. ‘தட்டம்மை’ என்று அவர் எழுதுவது நோயின் பெயர் மட்டுமல்ல, சம்பள வெட்டின் பெயர். ‘கடும் மழை’ என்பதும் அப்படித்தான். கருத்துச் சொல்லத் தடை என்பதால் பயம் தகவலாக வேஷம் போட்டுக்கொண்டது. கவிஞரும் விமர்சகருமான மாத்யூ ஆர்னால்ட் தானே ஒரு பள்ளி ஆய்வாளராக இருந்துகொண்டு இந்த முறையை எதிர்த்து எழுதினார். சும்மா சொல்லக் கூடாது, வேலையில் இருந்துகொண்டே எழுதினார்.

இதே இயந்திரம் கப்பலேறி மதராஸுக்கும் வந்தது. தேர்ச்சிக்கேற்ற மானியம் வழியாகத்தான் பல திண்ணைப் பள்ளிகள் அரசின் கணக்குக்குள் இழுக்கப்பட்டன. ஊர்க்காரர்கள் தருவதை வாங்கிப் பிழைத்த வாத்தியார், இன்ஸ்பெக்டர் வரும் நாளை எண்ணிக் காத்திருக்க வேண்டியவரானார். (திண்ணையில் யார் உட்கார முடிந்தது, யார் முடியவில்லை என்பது நமக்குத் தெரியும். பொற்காலக் கதை வேண்டாம்.) இங்கிலாந்தில் 1890களில் அந்த முறை கழன்றது, இங்கே 1904இல் கர்சன் அரசின் கல்வித் தீர்மானம் அதைக் கைவிட்டது. போனது ஷில்லிங் கணக்கு. எண்ணைத் தலைமையாசிரியரின் தலையில் இறக்கும் பழக்கம் போகவில்லை.

1988இன் கல்விச் சீர்திருத்தச் சட்டம் இங்கிலாந்தில் பள்ளியின் வரவு செலவைப் பள்ளியிடமே தள்ளியது. 1992இல் ‘ஆஃப்ஸ்டெட்’ என்ற ஆய்வு நிறுவனம் பிறந்தது. முழுப் பள்ளிக்கும் ஒற்றைச் சொல்லில் தீர்ப்பு. ரெடிங் நகரின் கேவர்ஷம் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர் ரூத் பெர்ரி அதே பள்ளியில் படித்தவர். ‘மிகச் சிறப்பு’ என்ற சொல்லோடு பல வருஷம் இருந்த பள்ளி. 2022 நவம்பரில் இரண்டு நாள் ஆய்வு. படிப்பு, நடத்தை எல்லாம் ‘நன்று’. பிள்ளைகளின் பாதுகாப்பு ஏற்பாட்டில் கண்ட குறைகளால் மொத்தத் தீர்ப்பு ‘போதாது’. அறிக்கை வெளிவரும் வரை ரகசியம். 2023 ஜனவரியில் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அதற்கு அந்த ஆய்வும் ஒரு காரணமாக அமைந்தது என்று அதே ஆண்டு டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி பதிவு செய்தார். நினைத்ததை எழுதாதே என்றது 1862. தெரிந்ததைச் சொல்லாதே என்றது 2022.

இங்கே நம் தோழர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். கண்காணிப்பே கூடாதா? சேரிப் பிள்ளைகளைக் கக்கூஸ் கழுவ வைத்த தலைமையாசிரியர்களைப் பற்றிய செய்தி நம் பத்திரிகைகளில் வராமல் இல்லை. ஆய்வு வேண்டும் என்று கேட்டதில் ஒடுக்கப்பட்டவர்களின் குரலும் உண்டு. அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் லாக் புக்கை எந்தத் தாய் தகப்பனுக்காகவும் எழுதவில்லை, இன்ஸ்பெக்டருக்காகவே எழுதினார்கள். பெற்றோருக்குப் பதில் சொல்வது வேறு, மேலிடத்துக்கு எண் காட்டுவது வேறு. எனக்குத் தெரிந்த ஒரு அரசுப் பள்ளி எச்.எம்., பத்தாம் வகுப்புத் தேர்ச்சி சதவீதம் குறைந்த வருஷம் மீட்டிங்கில் எழுந்து நிற்க வைக்கப்பட்டார். “முப்பது வருஷமா பிள்ளைகள நிக்க வச்சேன் தம்பி, இப்ப என்னைய நிக்க வைக்கிறாங்க” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் ஒருத்தர்கூட அந்த மீட்டிங்கில் இல்லை.

ஒற்றைச் சொல் தீர்ப்பை 2024 செப்டம்பரில் இங்கிலாந்து கைவிட்டது. கேவர்ஷம் பள்ளிக்கு அதற்கு முன்பே, 2023 ஜூனில், ஆய்வாளர்கள் மறுபடி போனார்கள். இந்த முறை வந்த சொல் ‘நன்று’. நவம்பருக்கும் ஜூனுக்கும் இடையே ஏழு மாதம்.