பழவேற்காட்டுத் தணல்

பழவேற்காடு என்னும் பெயரைப் பிரித்துப் பார்த்தவர்கள், பழைய வேல மரக் காடு என்று அதற்குப் பொருள் சொல்வதுண்டு. வேல மரம் நிழலுக்குப் பேர்போனதன்று; விறகுக்கும் கரிக்கும் பேர்போனது. வைரம் பாய்ந்த அதன் கட்டை எரிந்து அடங்கிய பின் மிஞ்சும் தணல் நெடுநேரம் அவியாமல் நிற்கும் என்பதைக் கொல்லனும் அறிவான், சமையற்காரனும் அறிவான். சென்னைக்கு வடக்கே ஏரிக்கும் கடலுக்கும் இடையில் கிடக்கும் அந்தக் குப்பங்களில், திருவிழாவுக்கும் கலியாணத்துக்கும் ஊர்ப் பொதுவில் பெரிய கரியடுப்பு ஒன்று வாங்கிவிடலாமா, வாங்குவதானால் எவ்வளவு பெரிது, எந்த இரும்பு, எந்தக் கரி என்று இளைஞர்கள் கூடிப் பேசத் தொடங்கினால், அந்தப் பேச்சின் பூர்வகதை ஊரின் பெயரிலேயே அடங்கியிருக்கிறது. அதைச் சொல்லாமல் அடுப்பின் நீள அகலங்களை மட்டும் சொல்வது எனக்கு முறையாகப் படவில்லை.

சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் மிகப் பெரிய உவர்நீர் ஏரி, பழவேற்காட்டு ஏரியே. தெற்கே ஆரணியாறும் வடக்கே காளங்கியும் சுவர்ணமுகியும் நன்னீரைக் கொணர, முகத்துவாரத்தின் வழியே கடல் தன் உப்பைக் கொணர, இரண்டும் கலந்த அந்த ஆழமற்ற நீரில் மடவையும் கொடுவாவும் இறாலும் நண்டும் வளர்கின்றன. இவற்றைப் பிடிக்கும் உரிமையைக் கரையோர மீனவர் பாடு என்னும் முறையால் தமக்குள் வகுத்துக்கொண்டார்கள். இன்ன தினத்தில் இன்ன நீரில் இன்னார் வலையிடலாம் என்பது சீட்டுப் போட்டு நிர்ணயமாகும். எந்த உரிமையும் எந்த வரியும் தலைக்கட்டு என்ற கணக்கிலேயே நடக்கும். இந்தத் தலைக்கட்டுக் கணக்கை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன். அடுப்பின் அளவைப் பற்றிப் பேசும்போது அது மறுபடியும் வரும்.

1613-ஆம் ஆண்டில் டச்சுக்காரர் இங்கே கெல்திரியா என்ற கோட்டையைக் கட்டி, சோழமண்டலக் கரையில் தங்கள் வியாபாரத்துக்கு அதையே தலைமை ஸ்தானமாக்கினார்கள். 1690-இல் அந்தத் தலைமை நாகப்பட்டினத்துக்கு மாறும் வரையில் பழவேற்காட்டின் பெயர் ஐரோப்பியச் சந்தைகளில் துணியின் பெயராக வழங்கிற்று. துணியைப் பற்றி எழுதியவர்கள் பலர். நான் சொல்ல விரும்புவது, அந்தக் கோட்டையில் அவர்கள் வெடிமருந்தும் செய்தார்கள் என்பது. வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றும் சேர்ந்ததே அக்காலத்து வெடிமருந்து. ஆனால் வெடிமருந்துக்குச் சிறந்தது மென்மரத்தின் கரி. அது இலேசாகப் பொடியாகும், சடுதியில் பற்றும், கணத்தில் எரிந்து தீரும். அடுப்புக்குச் சிறந்ததோ வன்மரத்தின் கரி. அது சாவகாசமாகப் பற்றி, தன் சூட்டைச் சிக்கனமாகச் செலவிட்டு, சாம்பல் பூத்த பின்னும் உள்ளே கனன்றுகொண்டிருக்கும். ஒரே பொருள் ஒரு தொழிலுக்கு எந்தக் குணத்தால் உயர்ந்ததோ அந்தக் குணத்தாலேயே மற்றொரு தொழிலுக்குத் தாழ்ந்ததாகிவிடுகிறது. ஊர்ச் சமையலுக்கு மூட்டை மூட்டையாகக் கரி வாங்குகிறவர்கள், கையில் எடுத்தால் கனக்கிறதா, ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று ஒலிக்கிறதா என்று பார்த்து வாங்குவது இந்த வித்தியாசத்தை அறிந்ததனால்தான்.

டச்சுக்காரர் காலத்துக்குப் பிறகு இந்த ஏரியின் வழியாக நடந்த பெரிய வியாபாரங்களில் ஒன்று விறகு. 1806-ஆம் ஆண்டில் பேசில் காக்ரேன் என்பவர் சென்னையிலிருந்து எண்ணூர் வரையில் வெட்டுவித்த உப்புநீர்க் கால்வாய், காலக்கிரமத்தில் பழவேற்காட்டு ஏரியை எட்டி, அதையும் கடந்து வடக்கே நீண்டது. 1876 முதல் 1878 வரை நம் தேசத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில், பசித்த ஜனங்களின் கைகளால் சென்னை நகரத்துக்குள்ளேயே அது கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும்படி வெட்டப்பட்டு, அப்போதைய கவர்னராகிய பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரைப் பெற்றது. அந்தக் கால்வாயில், பாய் விரித்தும் கழி ஊன்றியும் கரையிலிருந்து கயிற்றால் இழுத்தும் ஓட்டிய படகுகளில் உப்பும் நெல்லும் சுண்ணாம்பும் வந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக விறகு வந்தது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவு அந்நாளில் அடர்ந்த காடு. யானாதி என்னும் பழங்குடியினர் வாழ்ந்த அந்தக் காட்டின் மரங்கள் ஏரியைக் கடந்து, கால்வாயைக் கடந்து, சென்னையின் விறகுத் தொட்டிகளில் வந்து அடுக்கப்பட்டன. மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் எத்தனையோ வீடுகளில் உலை கொதித்ததற்கு இந்த ஏரி காரணமாக இருந்திருக்கிறது என்பதை நகரவாசிகள் மறந்துபோனது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

1969-இல் அந்தத் தீவு ராக்கெட் தளத்துக்கெனத் தெரிவு செய்யப்பட்டு, 1971-இல் அங்கிருந்து முதல் ராக்கெட் எழும்பிற்று. கால்வாயையோ அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, 1965, 1966-ஆம் ஆண்டுகளின் புயல்கள் பெரிதும் சிதைத்திருந்தன. இவ்வாறு ஐந்தாறு வருஷங்களுக்குள் விறகின் பிறப்பிடமும் அது பிரயாணம் செய்த வழியும் ஒருங்கே அடைபட்டுப்போயின.

நகரத்து வீடுகளில் காப்பிக்கும் வெந்நீருக்கும் குமுட்டி அடுப்பை வைத்துக் கரியை விலைக்கு வாங்கி எரித்தார்கள். குப்பத்துக் குடிசைகளில் அது அவசியமாக இருக்கவில்லை. பனைமட்டையும் தென்னமட்டையும் அலை ஒதுக்கிய கட்டையும் எரிந்து முடிந்த தணலில், செதிலைக்கூட நீக்காமல் மீனை அப்படியே இட்டு, தோல் கருகியதும் உரித்து எடுத்து, உப்பும் மிளகாயும் தொட்டு உண்பது எந்தக் கடற்கரைக்கும் பொதுவான பழக்கம். காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் கடல் இறாலைச் சுட்டுத் தின்றதைப் பட்டினப்பாலை சொல்கிறது. கரிகாலன் அரண்மனையில் இரும்புக் கம்பியில் கோத்துச் சுட்ட இறைச்சியைப் பொருநனுக்கு இட்டதைப் பொருநராற்றுப்படை சொல்கிறது. இரண்டுக்கும் உள்ள தூரத்தைக் கவனிக்க வேண்டும். பரதவனுக்குத் தணல் ஒன்றே போதும். அரண்மனைக்குத்தான் இரும்பு வேண்டியிருந்தது. இன்று நாம் கிரில் என்று சொல்லும் சாதனம், அந்த அரண்மனைக் கம்பியின் வமிசத்தில் வந்தது என்பது என் அபிப்பிராயம்.

ஊர் முழுவதும் கூடி உண்ணும் நாள்களின் அடுப்போ வேறு வகை. ஆடி மாதத்தில் அம்மனுக்குக் கூழ் வார்க்கும்போது, கேழ்வரகுக் கூழ் அண்டா அண்டாவாகக் காய்ச்சப்படும். கருவாட்டுக் குழம்பு அதற்குத் துணை. பள்ளிவாசலில் ரமலான் மாதத்து நோன்புக் கஞ்சிக்கும், முஸ்லிம் தெருவின் கலியாணப் பிரியாணிக்கும் ஆளுயரத் தேக்சாக்கள் ஏறும். மகிமை மாதா கோயில் திருவிழாவில் கொடியேற்றம் முதல் தேர்ப் பவனி வரையில் வந்தவர்க்கெல்லாம் சோறு வேண்டும். இவை யாவும் சுடுவன அல்ல, காய்ச்சுவனவும் வேகவைப்பனவும். ஆகையால் இவற்றுக்குக் கோட்டையடுப்பே போதுமானது: தரையில் நீளமாகப் பள்ளம் தோண்டி, இரு மருங்கிலும் செங்கல் அடுக்கி, நெருப்பின் வாய் காற்று வரும் திசையை நோக்கும்படி அமைத்து, அதன்மேல் வரிசையாகப் பாத்திரங்களை ஏற்றுவது. பகலில் கொண்டல் வீசும் காலத்தில் அடுப்பு கிழக்கு நோக்கும். வாடை வீசும் மாதங்களில் வடக்கு நோக்கும். காற்றை நம்பிக் கடலுக்குப் போகும் ஜனங்களுக்கு இதை யாரும் கற்பித்திருக்க வேண்டியதில்லை. இந்தச் சமையல்களில் கரிக்கு உள்ள இடம் ஒன்றே ஒன்று. பிரியாணிக்குத் தம் போடும்போது, மூடியின்மேல் பரப்பும் தணல். மேலும் கீழும் மென்மையான சூடு ஒரே சீராகச் சூழ வேண்டிய அந்த அரைமணி நேரத்துக்கு, சுவாலை உதவாது, கனல்தான் வேண்டும்.

அந்தக் கனலைத் தரும் கரி இப்போது எங்கிருந்து வருகிறது? 1877-ஆம் ஆண்டளவில் சென்னை மாகாணத்தின் வறண்ட நிலங்களில் விறகுக்கென்று விதைக்கப்பட்ட அந்நிய மரமாகிய சீமைக் கருவேலம், பிற்பாடு இராமநாதபுரத்திலும் விருதுநகரிலும் சிவகங்கையிலும் காடாய்ப் படர்ந்து, அங்குள்ள ஏழைக் குடும்பங்களுக்கு ஜீவனமாயிற்று. வெட்டிய கட்டைகளை வட்டமாக நிறுத்தி அடுக்கி, வைக்கோலும் ஈரமண்ணும் கொண்டு மூடி, உச்சியில் சிறு துவாரம் விட்டு நெருப்பிடுவார்கள். உள்ளே காற்று போதாமையால் மரம் எரியாமல் வேகும். முதலில் வெண்மையாகக் கிளம்பும் புகை நாளடைவில் நீலமாக மெலியும்போது மூட்டம் பழுத்துவிட்டது என்று அறிந்து, துவாரங்களை அடைத்து ஆறவிடுவார்கள். நாலைந்து மூட்டை மரம் ஒரு மூட்டைக் கரியாகச் சுருங்கும். மரத்தின் ஈரமும் புகையும் மூட்டத்திலேயே போய்விடுவதால்தான் கரி சாப்பாட்டின்மேல் புகை நாற்றத்தைப் பூசாமல் எரிகிறது. வேல மரத்தால் பெயர் பெற்ற ஊர், தன் தணலுக்கு இப்போது தென்பாண்டிச் சீமையின் கருவேலத்தை எதிர்பார்த்து நிற்கிறது.

இனி, விழா நாளில் ஊருக்கே மீன் சுடும் அடுப்பு. இருநூறு லிட்டர் எண்ணெய்ப் பீப்பாயை நெடுக்காக இரண்டாய்ப் பிளந்து, கால் வைத்து, மேலே கம்பித் தட்டி பரப்புவதே மலிவான உபாயம். அந்தப் பீப்பாயின் உயரம் ஏறத்தாழ 88 சென்டிமீட்டர், குறுக்களவு 57. ஆகவே ஒரு பாதியின்மேல் கிடைக்கும் பரப்பு அரைச் சதுர மீட்டர். ஒரு சாண் நீளத்துக்குச் சற்று மேற்பட்ட மடவை மீன்களை நெருக்கமாக அடுக்கினால் இருபது கொள்ளும். ஒரு ஈடு வேகப் பதினைந்து நிமிஷமாகும். இருநூறு தலைக்கட்டு உள்ள ஊரில், தலைக்கட்டுக்கு நான்கு பேர் என்று வைத்துக்கொண்டால் எண்ணூறு மீன். அதாவது நாற்பது ஈடு, பத்து மணி நேரம். பாதிகள் இரண்டையும் ஏற்றினாலும் ஐந்து மணி நேரம். முதற் பந்தியில் அமர்ந்தவர்கள் உறங்கி எழும்போது கடைசிப் பந்தி உட்காரும்! முன்னோர் மணலில் இருபது அடி நீளத்துக்குப் பள்ளம் வெட்டியது இரும்பு வாங்க வகையில்லாமல் அன்று. ஊர் ஒரே வேளையில் உண்ண வேண்டும் என்ற சம்பிரதாயத்தால். இருபது அடி நீளமும் இரண்டடி அகலமும் உள்ள தணற்படுக்கைக்கு ஏழு பீப்பாய்ப் பாதிகளின் பரப்பு உண்டு. அத்தனை மீனும் ஒன்றரை மணி நேரத்தில் இறங்கிவிடும்.

ஆதலால் ஊருக்குப் பெரிய கரியடுப்பு வாங்குகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது, ஒரே பெரிய அடுப்பைத் தேடுவதைவிட, இரண்டு பேர் தூக்கக்கூடிய நீண்ட அடுப்புகள் நான்கைந்தை ஒன்றோடொன்று சேர்த்து வைக்கும்படி செய்வித்துக்கொள்வது நலம் என்பதே. சின்ன விசேஷத்துக்கு ஒன்று போதும். ஊர் முழுவதும் கூடும் விழாவுக்கு எல்லாம் சேரும். தகடு மூன்று மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். கடலோரத்து உப்புக் காற்று மெல்லிய தகட்டை இரண்டு மழைக்குள் தின்றுவிடும். கரிக்கும் தட்டிக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளியாவது வேண்டும். அடியில் காற்றுக்குத் துளைகளும், அவற்றைக் கூட்டிக் குறைக்க ஒரு தகட்டுக் கதவும் இருந்தால், பக்கிங்ஹாம் கால்வாயின் மதகு நீரைக் கையாண்டதுபோல நெருப்பைக் கையாளலாம். துத்தநாகம் பூசிய தட்டி வேண்டவே வேண்டாம். சூடேறினால் அதிலிருந்து கிளம்பும் ஆவி நஞ்சு. இரசாயனம் இருந்த பீப்பாயையும் தொடக்கூடாது. புகையில்லை என்ற தைரியத்தில் மழைக்குப் பயந்து கரியடுப்பை மூடிய கொட்டகைக்குள் இழுத்து வைத்துவிட்டு உயிரிழந்தவர்கள் உண்டு. கண்ணுக்கும் மூக்குக்கும் எட்டாத அதன் நச்சுக் காற்றுக்குத் திறந்த வெளியே மருந்து.

மிச்சமுள்ளது, அடுப்பு தூங்கும் இடம். மணலில் வெட்டிய பள்ளத்துக்கு அந்தக் கவலை இல்லை. விழா முடிந்த இரவே சாம்பலின்மேல் தண்ணீர் தெளித்து, தணல் ஒன்றும் மிச்சமில்லை என்று கையால் தடவிப் பார்த்து, மணலைத் தள்ளி மூடிவிடுவார்கள். மறுநாள் அதன்மேல் வலை காயும். இரும்பு அடுப்போ வருஷத்தில் பத்து நாள் எரிந்து, மற்ற நாளெல்லாம் துருவோடு போராட வேண்டியது. சாம்பலை அன்றன்றே அள்ளிவிட்டு, உள்ளும் புறமும் எண்ணெய் தடவி, உப்பு நீர் எட்டாத மேட்டில், வலைகளையும் கோயில் சாமான்களையும் வைக்கும் பொதுக் கொட்டகையில், கால்கள் தரையில் படாமல் பலகைமேல் ஏற்றிவைக்க வேண்டும். அந்தக் கொட்டகையின் சாவி எந்த வீட்டில் இருப்பது என்பதையும், பாட்டுக்குச் சீட்டுப் போடும் அதே கூட்டத்தில், அதே தலைக்கட்டு வரிசையில், வருஷத்துக்கு ஒருவராக முறை வைத்துவிடலாம்.