காத்தாடியும் கஜானாவும்

ரொம்ப நாளா டிராஃப்ட்டிலேயே கிடந்த பதிவு இது. போன வாரம் ஆபீஸ் வாசல் டீக்கடையில ஒரு வாக்குவாதம் வந்ததால தூசி தட்டி எடுத்துட்டேன்.

வாக்குவாதம் இதுதான். எங்க டீம்ல இருக்கிற ஒரு அண்ணன், "சுத்தமான மின்சாரம், பசுமை ஹைட்ரஜன்னு கவர்ன்மென்ட் கொட்டுற காசெல்லாம் வேஸ்ட்டுப்பா. சரக்கு உருப்படியா இருந்தா மார்க்கெட்டே கொண்டு வந்துரும்"னார். பக்கத்துல நின்ன இன்னொருத்தர், "அட போங்க, நம்ம அரசாங்கம் கொடுக்கிற காசு பத்தவே பத்தாது. அமெரிக்காக்காரன் மாதிரி அள்ளிக் கொடுக்கணும்"னார். நான் கையில இருந்த வடையை முடிச்சுட்டு, "எவ்வளவு கொடுக்கிறாங்கங்கிறதை விட எப்படிக் கொடுக்கிறாங்கங்கிறதுதான் மேட்டர். டென்மார்க்ல என்ன நடந்துச்சுன்னா..."னு ஆரம்பிச்சேன். ரெண்டு பேரும் டம்ளரை வச்சுட்டுக் கிளம்பிட்டாங்க. நீங்க மாட்டிக்கிட்டீங்க :-)

எனக்கு இதுல ஏன் இவ்வளவு ஆர்வம்னா, நான் நாகர்கோவில்காரன். சின்ன வயசுல திருநெல்வேலிக்கு பஸ் ஏறினா ஆரல்வாய்மொழி தாண்டினதும் ஜன்னல் சீட்டுக்கு அடிதடி நடக்கும். முப்பந்தல்ல நிக்கிற காத்தாடிகளை எண்ணணும். எங்க ஊர்ல காற்றாலைன்னெல்லாம் யாரும் சொல்ல மாட்டாங்க, காத்தாடிதான். ஒரு தடவைகூட முழுசா எண்ணி முடிச்சதில்ல. அந்தக் காத்தாடி எல்லாத்துக்கும் ஏன் மூணு இறக்கை, ஏன் எல்லாம் ஒரே ஜாடைன்னு அப்ப தோணினதில்ல. இன்ஜினியரிங் படிக்கும்போதுதான் அதுக்குப் பின்னாடி ஒரு பெரிய கதை இருக்குன்னு தெரிஞ்சுது.

1957: ரெண்டு காத்தாடி

அந்த வருஷம் ஐரோப்பாவில் ரெண்டு காத்தாடி எழும்பிச்சு. ஒண்ணு டென்மார்க்கின் தென்கோடியில், கெட்ஸர் என்ற ஊரில். கட்டினவர் யோஹானஸ் யூல். மூணு இறக்கை, 200 கிலோவாட், நல்ல கனம், பார்க்க அழகுன்னு சொல்ல முடியாது. காத்து அளவுக்கு மீறி அடிச்சா இறக்கை தானாகவே திறனை இழக்கிற மாதிரி வடிவமைப்பு. அதுக்கும் மேல வேகம் போனா இறக்கை நுனி திரும்பி பிரேக் பிடிக்கும்.

இன்னொண்ணு ஜெர்மனியில், உல்ரிச் ஹியூட்டர் என்ற பேராசிரியருடையது. ரெண்டே இறக்கை, 100 கிலோவாட், விமானம் மாதிரி லேசானது, நேர்த்தியானது. காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தா ஹியூட்டருடையதுதான் ஒசத்தி. ஒரு கிலோ இரும்புக்கு அதிக மின்சாரம் அதுதான் தரும்.

கெட்ஸர் காத்தாடி 1967 வரை பத்து வருஷம் ஓடிச்சு. அப்புறம் எண்ணெய் தண்ணி விலைக்குக் கிடைச்ச காலம். ரெண்டையும் எல்லாரும் மறந்துட்டாங்க.

1973: எண்ணெய் அடிச்ச அடி

1973 அக்டோபர்ல அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தினப்போ டென்மார்க்கின் எரிசக்தியில் சுமார் 90 சதவீதம் இறக்குமதி எண்ணெய். ஞாயித்துக்கிழமை கார் ஓட்டக் கூடாதுன்னு அரசாங்கமே தடை போட்டுச்சு. அமெரிக்காவும் ஜெர்மனியும் அதே பயத்தில் மாற்று எரிசக்திக்குப் பணம் ஒதுக்க ஆரம்பிச்சாங்க.

அமெரிக்கா அந்தப் பொறுப்பை நாசாகிட்ட கொடுத்துச்சு. நிலாவுக்கே ஆள் அனுப்பினவங்களுக்கு ஒரு காத்தாடி பெரிய விஷயமான்னு நினைச்சிருப்பாங்க. ஹியூட்டர் வழியில் லேசான, ரெண்டு இறக்கை வடிவத்தை எடுத்துக்கிட்டாங்க. 1975ல் ஒஹையோவில் 100 கிலோவாட். அடுத்து 200. அங்கிருந்து ஒரே தாவல், 1979ல் வட கரோலைனாவின் பூன் என்ற மலையூரில் 2 மெகாவாட். இறக்கைகள் கோபுரத்துக்குப் பின்பக்கம் சுத்தும்படி வச்சிருந்தாங்க. ஒவ்வொரு இறக்கையும் கோபுரத்தின் காத்து மறைவைக் கடக்கும்போது "தம் தம்"னு ஒரு அதிர்வு. சுத்துவட்டார வீடுகள்ல ஜன்னல் ஆடிச்சு, ஜனங்க புகார் மேல புகார். 1981ல் சுழல்தண்டு பக்கத்து போல்ட்டுகள் உடைஞ்சுது. 1983ல் கழட்டிட்டாங்க.

ஜெர்மனி இன்னும் ஒரு படி மேல. ஆராய்ச்சி அமைச்சகப் பணத்தில் குரோவியன்னு ஒரு ராட்சசன். 3 மெகாவாட், நூறு மீட்டர் உயரக் கோபுரம், நூறு மீட்டர் விட்டம், ரெண்டு இறக்கை. அந்தக் காலத்தில் உலகத்திலேயே பெருசு. 1983ல் வடகடல் ஓரத்தில் நிறுத்தினாங்க. 1987ல் மூடும்வரை மொத்தம் ஓடினது சுமார் 420 மணி நேரம். நாலு வருஷத்தில் பதினெட்டு நாள்கூட ஆகல! இறக்கையைத் தாங்குற நடுப்பகுதியில் விரிசல். இந்த வேலையெல்லாம் நடக்காதுன்னு காட்டத்தான் இதைக் கட்டுறோம்னு, திட்டத்தில் கூட்டாளியா இருந்த மின்நிறுவனத்தின் நிர்வாகி ஒருத்தரே சொன்னதா ஜெர்மனியில் இன்னிக்கும் ஒரு பேச்சு உண்டு.

கொல்லுப்பட்டறையிலிருந்து

டென்மார்க்ல என்ன செஞ்சாங்க? அங்கேயும் அரசாங்கமும் மின்நிறுவனங்களும் நிபேங்கிற ஊரில் 630 கிலோவாட் அளவில் ரெண்டு பெரிய காத்தாடி கட்டினாங்க. அதுவும் பெருசா சோபிக்கல. ஆக டென்மார்க் அரசாங்கம் மட்டும் ஞானியாப் பொறந்ததுன்னு நினைச்சுக்க வேண்டாம்.

ஆனா பக்கத்திலேயே இன்னொரு கூட்டம் இருந்துச்சு. கிறிஸ்டியன் ரீசாகர்னு ஒரு தச்சர், யூலோட வடிவத்தைப் பார்த்து 22 கிலோவாட் காத்தாடி செஞ்சு தன் வீட்டு மின்னிணைப்பிலேயே இணைச்சார். கார்ல் எரிக் யோர்கன்சன்னு ஒரு கொல்லர், ஹென்ரிக் ஸ்டீஸ்டால்னு ஒரு பையனோட சேர்ந்து ஒண்ணு செஞ்சார். அந்த வடிவத்தை வாங்கி 1979ல் காத்தாடித் தொழிலில் இறங்கின கம்பெனி வெஸ்டாஸ். அதுவரைக்கும் அவங்க விவசாயக் கருவியும் கிரேனும் செஞ்சவங்க.

இந்த இடத்தில் அரசாங்கம் செஞ்ச மூணு காரியம்தான் எனக்கு முக்கியமாப் படுது.

ஒண்ணு, 1978ல் ரிசோ ஆராய்ச்சி மையத்தில் சின்னக் காத்தாடிகளுக்குன்னு ஒரு சோதனை நிலையம். ரிசோ அணு ஆராய்ச்சிக்காக ஆரம்பிச்ச இடம்கிறது ஒரு தமாஷ். கைவிட்டு எண்ணுற அளவு ஆட்களோட ஆரம்பிச்சாங்க. உன் காத்தாடியைக் கொண்டு வா, அளந்து பார்த்துச் சொல்றோம், அவ்வளவுதான் வேலை.

ரெண்டு, 1979லிருந்து காத்தாடி வாங்குறவங்களுக்கு விலையில் 30 சதவீத மானியம். ஆனா ரிசோ அங்கீகரிச்ச மாடலா இருந்தாத்தான் காசு. ஒண்ணு போனா இன்னொண்ணு காப்பாத்துற மாதிரி ரெண்டு தனித்தனி பிரேக் இல்லாம அங்கீகாரம் கிடைக்காது. சோதனை நிலையத்துக்கு அதிகாரம் வந்தது இந்த ஒரு நிபந்தனையாலதான். மானியத்துக்காக எல்லாரும் அங்க போய்த்தான் ஆகணும். போனா, ரிசோ ஆளுங்க ஒருத்தர் செஞ்ச தப்பை அடுத்தவர் செய்யாம பார்த்துக்கிட்டாங்க.

மூணு, அந்த மானியத்தைப் படிப்படியாக் குறைச்சு 1989ல் நிறுத்தினாங்க. எப்போ நிக்கும்னு தெரியாம ஒரே நாள்ல கழுத்தை அறுக்கல.

இதோட சேர்ந்து ஜனங்க செஞ்ச ஒரு காரியமும் உண்டு. காத்தாடி வச்சிருந்தவங்க 1978ல் ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. அவங்க பத்திரிகையில் எந்த மாடல் எவ்வளவு மின்சாரம் தந்துச்சு, எது எங்க உடைஞ்சுதுன்னு மாசாமாசம் அச்சடிச்சாங்க. எங்க தொழில் பாஷையில சொன்னா, எல்லாரும் பார்க்கிற மாதிரி ஒரு பக் லிஸ்ட். எந்தக் கம்பெனியும் மூடி மறைக்க முடியாது. 22லிருந்து 30, அப்புறம் 55, 75, 150 கிலோவாட்னு ஒவ்வொரு படியா ஏறினாங்க. நாசாவும் குரோவியனும் மொத்த சாஃப்ட்வேரையும் மூணு வருஷம் எழுதி ஒரே ராத்திரியில் ரிலீஸ் பண்ண கேஸ். அந்த மாதிரி ஒரு ரிலீஸ்ல நானும் மாட்டி விடிய விடிய ஆபீஸ்லயே கிடந்திருக்கேன், அதனால குரோவியன் இன்ஜினியர்கள் மேல எனக்குப் பரிதாபம்தான்.

கணக்கைப் பாருங்க. 1975லிருந்து 1988 வரை காத்தாடி ஆராய்ச்சிக்கு டென்மார்க் அரசு செலவழிச்சதைப் போல அமெரிக்க அரசு சுமார் 20 மடங்கு செலவழிச்சுது. ஜெர்மனி சுமார் 5 மடங்கு. ஓடினது டேனிஷ் காத்தாடி.

கலிஃபோர்னியா கூத்து

1978ல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டு, தனியார் தயாரிக்கிற மின்சாரத்தை மின்நிறுவனங்கள் வாங்கணும்னு சொல்லிருச்சு. மத்திய அரசும் கலிஃபோர்னியா மாநிலமும் தந்த வரிச்சலுகையைச் சேர்த்தா போட்ட முதலில் கிட்டத்தட்ட பாதி திரும்பி வந்துரும். ஆயிரக்கணக்கில் காத்தாடி முளைச்சுது. ஆனா சலுகை காத்தாடியை நட்டதுக்கு, அது சுத்தினதுக்கு இல்ல. பாதிக்குப் பாதி உள்ளூர்ச் சரக்கு உடைஞ்சு நின்னுச்சு. தாங்கினது பெரும்பாலும் கனமான டேனிஷ் மெஷின்கள். வாங்குறவங்களும் அந்தப் பக்கம் திரும்பினாங்க. 1985 கடைசியில் வரிச்சலுகை முடிஞ்சதும் மொத்தச் சந்தையும் படுத்துருச்சு. 1986ல் வெஸ்டாஸே திவாலாகி, அடுத்த வருஷம் காத்தாடியை மட்டும் வச்சு மறுபடி எழுந்துச்சு.

நாசா பணம் மொத்தமும் வீண்னு நான் சொல்ல மாட்டேன். காத்துக்கு ஏத்த மாதிரி வேகத்தை மாத்திக்கிற பெரிய காத்தாடியை 1987ல் ஹவாயில் அவங்கதான் ஓட்டிக் காட்டினாங்க. இன்னிக்கு பெரிய காத்தாடி எல்லாம் அப்படித்தான் ஓடுது. ஜெர்மனியும் பாடம் கத்துக்கிச்சு. குரோவியன் நின்ன அதே இடத்தில் 1987ல் முப்பது சின்னக் காத்தாடி வச்சு நாட்டின் முதல் காத்தாடிப் பூங்காவைத் திறந்தாங்க. 1989ல் ஆரம்பிச்ச மானியத் திட்டத்தில், காசு வாங்குறவன் ஓட்டின கணக்கையும் பழுதுக் கணக்கையும் கொடுத்தாகணும்னு வச்சாங்க.

நம்ம முப்பந்தல்

இங்க டெல்லி 1982ல் மரபுசாரா எரிசக்திக்குத் தனித்துறை அமைச்சுது. எங்கெங்க எவ்வளவு காத்து அடிக்குதுன்னு அன்னா மணி அம்மா நாடு முழுக்க அளவெடுத்துப் புத்தகமாவே போட்டாங்க. 1986ல் மத்திய அரசு பணத்தில் மாதிரிக் காத்தாடிப் பண்ணைகள், அதில் ஒண்ணு தூத்துக்குடி பக்கம் முள்ளக்காட்டில். அப்புறம் டென்மார்க் அரசின் உதவியோட முப்பந்தல்லயும் கயத்தாறுலயும். நான் பஸ் ஜன்னல்ல எண்ணின மூணு இறக்கைக் கூட்டத்துக்குப் பூட்டன் அந்த கெட்ஸர் காத்தாடிதான்.

பின்னாடி நாமளும் கலிஃபோர்னியா தப்பைச் செஞ்சோம். 90களில் காத்தாடி வாங்கின முதல் வருஷமே அதன் முழு விலையையும் தேய்மானமாக் கழிச்சுக்கலாம்னு சலுகை. மில் முதலாளிகள் போட்டி போட்டு வாங்கினாங்க. வரி மிச்சமாறது காத்தாடி நட்டவுடனே, ஓடுதா இல்லையாங்கிறது அப்புறம். 1996க்கு மேல வரி விதிகள் மாறவும் வேகம் சட்டுனு இறங்கிருச்சு. நம்ம சோதனை மையம் சென்னையில் 1998லதான் வந்துச்சு. அதுக்கான சோதனைத்தளம் கயத்தாறுல, டென்மார்க் உதவியோட. கயத்தாறுன்னா நமக்குக் கட்டபொம்மன்தான் ஞாபகம் வருவார், இதையும் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கங்க. ஆக டென்மார்க்ல சோதனை முதல்ல, மானியம் ரெண்டாவது. நம்ம ஊர்ல சலுகை முதல்ல, சோதனை மையம் கடைசியில. அப்படி இருந்தும் தமிழ்நாட்டில் இன்னிக்கு 10,000 மெகாவாட்டுக்கு மேல காத்தாடி நிக்குது. எல்லாம் ஆரல்வாய்மொழிக் கணவாயில வர்ற காத்தோட புண்ணியம்.

2010ல் நிலக்கரி டன்னுக்கு 50 ரூபாய் வரி போட்டு, அதை வச்சு தேசிய சுத்த எரிசக்தி நிதின்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. அருமையான யோசனை. வரி 2016ல் 400 ரூபாய் வரை ஏறுச்சு. ஆனா வசூலில் பெரும்பகுதி அந்த நிதிக்கே போய்ச் சேரல. 2017ல் ஜிஎஸ்டி வந்ததும் அந்த வரி போய், அதே 400 ரூபாய் மாநிலங்களுக்கான இழப்பீட்டுக் கணக்குல ஏறிருச்சு.

டீக்கடைக்குத் திரும்புவோம்

2023 ஜனவரியில் மத்திய அரசு பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு 19,744 கோடி ஒதுக்குச்சு. அதில் 17,490 கோடி உற்பத்திக்கும் மெஷின் தயாரிப்புக்குமான ஊக்கத்தொகை. முன்னோட்டத் திட்டங்களுக்கு 1,466 கோடி. ஆராய்ச்சிக்கு 400 கோடி. என் கவலை தொகை கம்மிங்கிறதில்ல. டென்மார்க்கும் கம்மியாத்தான் செலவழிச்சுது. எந்த மெஷின் எத்தனை மணி நேரம் ஓடிச்சு, எங்க புட்டுக்கிச்சுன்னு காசு வாங்குறவங்க எல்லாரும் வெளியே சொல்லியாகணும்னு யாராவது கட்டாயப்படுத்துவாங்களா? அது நம்ம வரிப்பணம். இருபது வருஷம் கழிச்சு அது முப்பந்தலா நிக்குமா, குரோவியனாக் கிடக்குமாங்கிறது அந்த ஒரு நிபந்தனையிலதான் பாதி இருக்குன்னு எனக்குப் படுது.

கொசுறு: காத்துலேர்ந்து ஹைட்ரஜன் எடுக்கிறது புதுசுன்னு நினைச்சீங்களா? 1891ல் டென்மார்க்கின் ஆஸ்கோவ் கிராமத்தில் பவுல் லா கூர்னு ஒரு வாத்தியார் அரசாங்கப் பணத்தில் காத்தாடி கட்டி, அந்த மின்சாரத்தில் ஹைட்ரஜன் பிரிச்சு, பள்ளிக்கூடத்துக்கு விளக்கெரிச்சார். அப்பப்போ ஆக்சிஜன் கலந்து வெடிச்சு, ஜன்னல் கண்ணாடியை எல்லாம் மாத்த வேண்டி வந்துச்சாம். அந்தச் செலவையும் அரசாங்கம் கொடுத்துச்சான்னு கேட்காதீங்க :-)

டிஸ்கி: நான் சாஃப்ட்வேர் ஆளு, காத்தாடி ஏறினவன் இல்ல. ஏறினவங்க யாராவது படிச்சா, தப்பிருந்தா குட்டிட்டுப் போங்க. திருத்திக்கிறேன்.