ஈரல் மாற்றுச் சிகிச்சை தோன்றிய வரலாறு

நமது சரீரத்தின் உள்ளுறுப்புக்களுள் கல்லீரலைப் போன்ற உழைப்பாளி பிறிதொன்றில்லை. வளர்ந்த மனிதரிடத்து ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடையுள்ளதாய், வலப்பக்க விலாவின் கீழ் அமைந்திருக்கும் இவ்வுறுப்பு, உணவின் சாரத்தைக் குடலினின்று வரும் இரத்தத்தின் வாயிலாக ஏற்றுச் சேமிக்கின்றது, பித்தநீரைச் சுரக்கின்றது, நஞ்சைப் போக்குகின்றது, காயம்பட்டவிடத்து இரத்தம் உறைதற்கு வேண்டும் பொருள்களில் பெரும்பாலானவற்றை ஆக்கித் தருகின்றது. சிறுநீரகம் பழுதுற்றவர் இயந்திரத்தின் உதவியால் பல்லாண்டு உயிர்வாழ்தல் கூடும். ஈரல் முற்றுங் கெட்டவருக்கோ அத்தகைய நிலையான இயந்திரம் இன்றளவும் இல்லை. ஆதலின், கெட்ட ஈரலை எடுத்துவிட்டுப் பிறரொருவரது நல்லீரலை அவ்விடத்தில் வைத்துத் தைத்தல் இயலுமா என்னும் வினா வைத்தியருள்ளத்தில் எழுந்தது. அதனைச் செய்து காட்டியவருள் முதல்வர் அமெரிக்க தேசத்து இரணசிகிச்சை நிபுணராகிய டாக்டர் தாமஸ் ஸ்டார்ஸல் ஆவர். அவர் பெற்ற வெற்றியைப் பலரும் அறிவர். தோல்வி வந்தபோது அவர் நடந்துகொண்ட முறையே நாம் சிந்திக்கத் தக்கது.

ஸ்டார்ஸல் 1926-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 11-ஆம் தேதி அயோவா மாகாணத்து லே மார்ஸ் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் அவ்வூர்ப் பத்திரிகையை நடத்தியவர். விஞ்ஞானக் கற்பனைக் கதைகளும் எழுதியவர். தாயார் 1947-இல் புற்றுநோயால் இறந்தார். நார்த்வெஸ்டர்ன் ஸர்வகலாசாலையில் 1952-இல் வைத்தியப் பட்டமும் நரம்பியல் ஆராய்ச்சிப் பட்டமும் பெற்று, பால்டிமோரிலும் மியாமியிலும் இரணசிகிச்சை பயின்றார். மியாமியிலிருந்த காலத்தே ஈரலைப் பற்றிய ஆராய்ச்சியில் அவர் உள்ளம் பற்றியது. 1958-இல் சிகாகோவுக்கு மீண்டு, நாய்களுக்கு ஈரலை மாற்றிப் பொருத்தும் சோதனைகளை இயற்றினார். பாஸ்டன் நகரில் டாக்டர் பிரான்ஸிஸ் மூர் என்பாரும் அக்காலத்தே அத்தொழிலில் முயன்று வந்தார்.

இம்முயற்சிக்கு இடையூறுகள் இரண்டு. ஒன்று, கைத்தொழிலின் அருமை. ஈரலினுட் புகும் இரத்தக் குழாய்கள் இருவகையின. வெளிவரும் இரத்தமோ சரீரத்தின் பெருஞ்சிரையிற் சேர்கின்றது. பித்தக் குழாய் வேறு. ஈரலை எடுத்துவிட்ட வேளையில் இவ்வோட்டமெல்லாம் தடைப்படும். இரத்தம் உறையுந் தன்மையும் குன்றும். மற்றொன்று, சரீரத்தின் இயல்பு. அயலாரது உறுப்பைப் பகையென்று கருதி அழிப்பது உயிருடம்பின் குணம். 1954-இல் பாஸ்டனில் டாக்டர் ஜோஸப் மர்ரே சிறுநீரகம் மாற்றி வெற்றி பெற்றாரெனின், கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கருவில் உதித்த இரட்டையராயிருந்தமையே காரணம். எல்லார்க்கும் இரட்டைப் பிறவி வாய்ப்பதில்லையன்றோ!

இரண்டாம் இடையூற்றுக்கு ஒருவாறு வழி பிறந்தது 1962, 1963-ஆம் ஆண்டுகளில். அப்பொழுது ஸ்டார்ஸல் கொலராடோ மாகாணத்து டென்வர் நகரிலிருந்தார். அஸாதயோபிரின் என்னும் மருந்தோடு பிரெட்னிஸோன் என்பதையுஞ் சேர்த்துக் கொடுத்தால், உடம்பின் எதிர்ப்பு எழுந்த பின்னரும் அதனைத் தணிக்கலாமென்று சிறுநீரக நோயாளரிடத்துக் கண்டார். அத்துணிவே அவரை ஈரல் மாற்றத்திற்கு உந்தியது.

1963 மார்ச்சு முதல் தேதியன்று, பித்தக் குழாய் அமையாமற் பிறந்த மூன்று வயதுக் குழந்தையொன்றுக்கு உலகத்தின் முதல் ஈரல் மாற்றுச் சிகிச்சை தொடங்கிற்று. வெட்டிய இடந்தோறும் இரத்தம் பெருகியது, உறையவில்லை. குழந்தை சிகிச்சை மேசையிலேயே இறந்தது. அவ்வாண்டு மே மாதம், ஈரலில் புற்றுநோய் கொண்ட 48 வயதினர் ஒருவருக்கு இரண்டாம் சிகிச்சை நடந்தது. முதற் குழந்தை இரத்தப் பெருக்கால் இறந்தமையின், இம்முறை இரத்தத்தை உறையச் செய்யும் மருந்துகள் கொடுக்கப்பட்டன. இரத்தம் நின்றது, ஆயின் குழாய்களில் தோன்றிய உறைகட்டிகள் நுரையீரலைச் சென்றடைந்தன. 22-ஆம் நாள் அவரும் மாண்டார். ஒரு பிழையை நீக்கச் செய்த பரிகாரமே மற்றொரு மரணத்துக்கு ஏதுவாயிற்று. டென்வரில் அவ்வாண்டு ஐவருக்கும், பாஸ்டனில் ஒருவருக்கும், 1964 தொடக்கத்தில் பாரிஸில் ஒருவருக்குமாக எழுவருக்கு இச்சிகிச்சை செய்யப்பட்டது. ஒருவரேனும் 23 நாட்களுக்கு மேல் வாழ்ந்திலர்.

இந்நிலையில் ஸ்டார்ஸல் இரண்டு காரியங்களைச் செய்தார். முதலாவது, நிகழ்ந்த மரணங்களை மறையாமல் 1963-ஆம் ஆண்டு முடிவதற்கு முன்னரே வைத்தியப் பத்திரிகையிற் பிரசுரித்தார். இரண்டாவது, அரசாங்கத்தின் ஆணையேதுமின்றித் தாமே சிகிச்சையை நிறுத்திக்கொண்டார். ஏறக்குறைய மூன்றரை ஆண்டு மனிதரிடத்து ஈரலைத் தொடவில்லை. அக்காலம் சோர்ந்திருந்த காலமன்று. உறுப்பைக் கெடாமற் காக்கும் முறையை ஆராய்ந்தார்; லாஸ் ஏஞ்ஜலிஸ் நகரத்து டாக்டர் பால் தெராஸாகியோடு கூடி, கொடுப்பவர் பெறுபவரது திசுப்பொருத்தத்தைச் சோதித்தார்; குதிரைகளின் இரத்தத்தினின்று எதிர்ப்பைத் தணிக்கும் சாரமொன்றை எடுத்து, முதலில் நாய்களுக்கும் பின்னர்ச் சிறுநீரக நோயாளருக்கும் கொடுத்துப் பார்த்தார்.

1967 ஜூலையில் மீண்டும் தொடங்கினார். ஈரற் புற்றுநோயுற்ற 19 மாதக் குழந்தையொன்று புதிய ஈரலுடன் பிழைத்தது, வீடு சென்றது, ஓராண்டையும் கடந்தது. ஆயினும் பதின்மூன்று மாதம் கழிந்த அளவில், முன்பே உடம்பிற் பரவியிருந்த புற்றுநோயால் இறந்தது. சிகிச்சை வென்றது, நோயும் வென்றது. இம்முரண்பாடே ஈரற் புற்றுநோயாராய்ச்சிக்கு வித்து என்னலாம்.

அடுத்த பத்தாண்டு மந்தமாகவே சென்றது. 1968-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் டாக்டர் ராய் கால்ன் இச்சிகிச்சையைத் தொடங்கினார். அவ்வாண்டே ஹார்வர்டு ஸர்வகலாசாலைக் குழுவொன்று, மூளை முற்றும் செயலிழந்த நிலையை மரணமென்று கொள்ளலாமென அறிவித்தது. அதனால் இரத்தவோட்டம் நிற்குமுன்னரே உறுப்புக்களைப் பெறும் வழி திறந்தது. இருந்தும், சிகிச்சை பெற்றவருள் ஓராண்டு வாழ்ந்தவர் மூவரில் ஒருவர் என்னும் அளவினரே. இக்கொடுமையை ஏன் விடவில்லையென்று கேட்ட வைத்தியரும் உளர். அக்கேள்வி தவறென்று நாம் சொல்லத் துணியோம். சிகிச்சையின்றேல் மரணம் நிச்சயமென்னும் நிலையினரையே அவர் மேற்கொண்டாரெனினும், இறந்தோர் மூவரில் இருவராயிருக்கையில் அதனை வெற்றியெனல் இயலாது.

திருப்பம் மண்ணிலிருந்து வந்தது. நார்வே நாட்டு மலைமண்ணிற் கிடைத்த பூஞ்சணமொன்றினின்று ஸைக்ளோஸ்போரின் என்னும் மருந்து எடுக்கப்பட்டது. ஸ்விட்ஸர்லாந்தில் டாக்டர் ழான் பொரெல் முதலியோர் அதன் குணத்தை ஆராய்ந்தனர். கேம்பிரிட்ஜில் கால்ன் அதனை 1978-இல் மனிதருக்குக் கொடுத்தார். ஸ்டார்ஸல் அதனுடன் பிரெட்னிஸோனைச் சேர்த்து 1980-இல் கொடுத்தபோது, முதற் பன்னிருவருள் பதினொருவர் ஓராண்டுக்கு மேல் வாழ்ந்தனர். 1981-இல் அவர் பிட்ஸ்பர்க் நகரை அடைந்தார். அவ்வூர் பல தேசத்து இரணவைத்தியர்கள் வந்து இக்கலையைக் கற்கும் பள்ளியாயிற்று. 1983-இல் அமெரிக்க அரசாங்கத்தின் தேசிய சுகாதார ஸ்தாபனம் கூட்டிய நிபுணர் சபை, இது சோதனை நிலையைக் கடந்த சிகிச்சை என்று ஒப்புக்கொண்டது. ஜப்பான் தேசத்து த்ஸுகுபா மலைப்பக்கத்து மண்ணில் 1984-இற் கண்டெடுத்த நுண்ணுயிரினின்று பெற்ற டாக்ரோலிமஸ் என்னும் மருந்தை, 1989-இல் ஸ்டார்ஸல் குழுவினரே முதன்முதல் நோயாளருக்குக் கொடுத்தனர்.

இனி, புற்றுநோயின் செய்தி. தொடக்கக் காலத்தில் ஈரலில் பெருங்கட்டியுடையோரைச் சிகிச்சைக்குத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. வெட்டியெடுக்க முடியாத கட்டியுள்ளவருக்கு வேறு கதியில்லை. அவருள் பலர் ஈரல் வற்றிக் கெட்டவரினும் உடல்வலிமை மிக்கவர். ஆனால் அவர்கள் சிகிச்சையைத் தாங்கினரேயன்றி நோயினின்று மீளவில்லை. எதிர்ப்பைத் தணிக்கும் மருந்து, எஞ்சிய புற்றுநோய்க்கும் இடங்கொடுத்தது. இதற்கு மாறாக, வேறு காரணத்தால் எடுக்கப்பட்ட ஈரல்களை வெட்டிப் பார்த்தவிடத்து, எவரும் எதிர்பாராத சிறுகட்டிகள் சிலவற்றில் இருந்தன; அத்தகைய நோயாளரிடத்துப் புற்றுநோய் மீண்டு வருதல் அரிதாயிருந்தது. இவ்விரு கூட்டத்தாரது முடிவுகளையும் பிட்ஸ்பர்க் குழுவினர் வேறுபிரித்து வெளியிட்டனர். இத்தகைய அனுபவங்களின் பின்னர், இத்தாலியில் மிலான் நகரத்து டாக்டர் வின்சென்ஸோ மாஸ்ஸஃபெர்ரோ 1996-இல் ஓர் அளவுகோலை நிறுவினார்: கட்டி ஒன்றாயின் 5 சென்டிமீட்டருக்கு மேற்படலாகாது, இரண்டு அல்லது மூன்றாயின் ஒவ்வொன்றும் 3 சென்டிமீட்டருக்கு மேற்படலாகாது, இரத்தக் குழாய்களிலோ ஈரலுக்கு வெளியிலோ நோய் பரவியிருத்தல் ஆகாது. இவ்வண்ணம் தேர்ந்த 48 பேருள் நான்காண்டு உயிர்வாழ்ந்தோர் நூற்றுக்கு 75 வீதம். மிலான் விதி என்று உலகமெங்கும் வழங்குவது இதுவே.

வாசக அன்பர்களே, இவ்விதியில் அடங்கிய தர்மத்தை ஊன்றி நோக்குக. ஒருவர் கொடுத்த ஈரல் ஒன்று. அதற்காகக் காத்திருப்போர் பலர். நோய் எங்கும் பரவிய ஒருவருக்கு அதனை அளித்தால், அவரும் பிழையார். பிழைக்கக் கூடிய மற்றொருவரும் இறப்பார். ஆகவே, 'உமக்கு இச்சிகிச்சை ஆகாது' என்று சொல்லுதல் இரக்கமின்மையன்று. ஆனால் அதனைச் சொல்லும் உரிமை சான்றினாலன்றி வாராது. அச்சான்று கிடைத்தது, முதலில் மாண்டவரது வரலாறுகளை ஒளிக்காமல் எழுதி வைத்ததனாலேயே. அவை மறைக்கப்பட்டிருப்பின், ஒவ்வொரு நகரத்து வைத்தியரும் அதே பிழையைப் புதிதாகச் செய்து, அதே மரணங்களைப் புதிதாகக் கண்டிருப்பர்.

ஸ்டார்ஸல் குறையற்ற வெற்றிவீரரல்லர். 1992, 1993-ஆம் ஆண்டுகளில் பிட்ஸ்பர்க்கில் பபூன் குரங்கின் ஈரலை இருவருக்கு வைத்தனர். ஒருவர் 70 நாளும் மற்றவர் 26 நாளும் வாழ்ந்து இறந்தனர். அம்முயற்சியும் அவ்வளவில் நின்றது. 1992-இல் வெளியிட்ட தம் சரிதையில், கத்தியெடுக்கும் ஒவ்வொரு முறையும் தம்மைப் பற்றிய அச்சத்தை அவர் ஒளிக்கவில்லை. 2012-இல் அவருக்கும் கால்ன் அவர்களுக்கும் லாஸ்கர் பரிசு கூட்டாக அளிக்கப்பட்டது. 2017 மார்ச்சு 4-ஆம் தேதி, தொண்ணூறு வயதில் பிட்ஸ்பர்க்கில் காலமானார்.

இந்தியாவில் உறுப்பு மாற்றுச் சட்டம் 1994-இல் இயற்றப்பட்டு, மூளைச் சாவு மரணமென ஒப்புக்கொள்ளப்பட்டது. தமிழ்நாட்டில் இறந்தோர் உறுப்புக்களை முறைப்படி பங்கிடும் அரசாங்கத் திட்டம் 2008-இல் தொடங்கிற்று. இறந்தவரது உறுப்பை ஈவதற்கு உறவினரது இசைவு வேண்டும். அத்துயர வேளையில் முதன்முதலாக யோசிப்பது கடினம். ஆதலின் இவ்விஷயத்தை நம் இல்லங்களில் முன்னரே பேசிவைத்தல் நலம்.

வருமுன் காத்தலோ அதனினும் நலம். ஈரற் புற்றுநோயின் பெருங்காரணங்களுள் ஒன்று பி வகை மஞ்சட்காமாலைக் கிருமி. தைவான் தீவில் 1984-இல் கைக்குழந்தைகளுக்கு அதற்குத் தடுப்பூசி போடத் தொடங்கியபின், பிள்ளைகளிடத்து ஈரற் புற்றுநோய் கண்கூடாகக் குறைந்தது. பிறந்த 24 மணி நேரத்துள் இடத்தக்க அவ்வூசியை நம் குழந்தைகளுக்குத் தவறாமல் இடுவித்தலும், மதுவை அறவே ஒழித்தலும் ஒவ்வொரு குடும்பத்தாரும் செய்யக்கூடியன. மாற்று ஈரல் அரிது. உள்ள ஈரலைக் காத்தல் எளிது.