துத்தநாக வார்ப்பு அலங்காரப் பாகங்கள்: குழி நிரப்பிச் சீரமைத்தல்

பழைய கார்களின் கதவுக் கைப்பிடி, விளக்கு வளையம், சின்னம் போன்றவை பெரும்பாலும் துத்தநாகக் கலவையில் வார்த்துச் செம்பு, நிக்கல், குரோம் முலாம் பூசப்பட்டவை. முலாமின் நுண்துளை வழியே ஈரம் புகுந்தால் துத்தநாகம் அரித்து வெண்தூளாகும்; மேற்பரப்பு கொப்புளித்துக் குழிவிழும். ஆண்டு முழுதும் காற்றில் ஈரம் நிற்கும் மலேசியாவின் ரவாங் போன்ற ஊர்களில் இச்சேதம் விரைந்து பரவும். 1929இல் உயர்தூய்மைத் துத்தநாகத்தாலான ஜமாக் கலவை உருவாவதற்கு முந்திய வார்ப்புகள் சில, காரீய, வெள்ளீய மாசுகளால் உள்ளிருந்தே வெடிக்கும். அவற்றை மீட்பது அரிது.

பழைய முலாமை நீக்கியபின், பளபளக்கும் உலோகம் தெரியும்வரை ஒவ்வொரு குழியையும் தோண்ட வேண்டும். வெண்தூள் சிறிது எஞ்சினாலும் புது முலாம் மீண்டும் கொப்புளிக்கும். பொறுமை மிக வேண்டிய கட்டம் இதுவே. அமிலக் கரைசல் துத்தநாகத்தைத் தின்றுவிடுமாதலால், முதல் செம்புப் பூச்சுக்குக் காரக் கரைசலையே பயன்படுத்துவர். அதன்மேல் வெள்ளீயமும் காரீயமும் கலந்த பற்றாசை உருக்கிக் குழியை நிரப்புவர். உள்ளே இருந்தால் வார்ப்பைக் கெடுக்கும் அதே வெள்ளீயம், செம்பின்மேல் அதைக் காக்கிறது. தகுந்த விகிதத்தில் கலந்த பற்றாசு 183 பாகை செல்சியசில் உருகும், துத்தநாகம் 419இல்; எனவே மிதமான சூடே போதும். பின்பு அராவி, மீண்டும் செம்பு பூசி, மெருகேற்றி, நிக்கலும் குரோமும் ஏற்றுவர். காரச் செம்புக் கரைசலில் பெரும்பாலும் சயனைடு இருப்பதால், முலாம் பூசுவதை வீட்டில் முயலக்கூடாது.