அதிரும் நரம்புகள் – 31: இரண்டு கையும் ஒரு குரலும்

சியாட்டில் பாடகர் ஆண்ட்ரூ வுட் இறந்த பிறகு, நண்பர் கிறிஸ் கார்னெல் எழுதிய பாட்டுகளோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். ஒரே வீட்டில் கூடக் குடியிருந்தவனுக்காக எழுதிய இரண்டு பாட்டு, மற்ற நண்பர்களும் வந்து சேர்ந்ததில் பத்தாகி, 1991 ஏப்ரலில் 'டெம்பிள் ஆஃப் தி டாக்' ஆல்பமாக வெளிவந்தது. அப்போது சீந்துவார் அதிகமில்லை. அடுத்த வருஷம் அந்த நண்பர்களின் குழுக்களான சவுண்ட்கார்டனும் பேர்ல் ஜாமும் பெரிய பேராகிவிட்டதும், அதே கம்பெனி அதையே மறுபடி சந்தைக்குக் கொண்டுவந்து பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. ஒரு சாவுக்கு அழுத பாட்டை, உயிரோடு இருப்பவர்களின் புகழைக் காட்டி விற்றார்கள். எனக்கு அந்தக் கம்பெனிமேல் இன்றுவரை கோபம் தீரவில்லை.

இந்த வாரம் டெல்லி. 2010 ஜூலையில் 'இண்டியன் ஓஷன்' எடுத்த முடிவைச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன். அதற்கு முன் அசீம் சக்ரவர்த்தியைச் சொல்லியாக வேண்டும்.

அசீம் அந்தக் குழுவின் தபலாக்காரர். பாடகரும் அவரேதான். தபலாவில் இரண்டு கையும் ஓடிக்கொண்டிருக்கும்போதே வாய் இன்னொரு நடையில் பாட்டை இழுத்துக்கொண்டு போகும். ராக் மேடையில் பாடுகிறவர் பெரும்பாலும் நின்று கிட்டார் வாசிப்பார், இல்லையென்றால் வெறுங்கையோடு ஓடியாடுவார். இவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து பாடினார். டெல்லிக்காரர்களுக்கு அது புதுமையாக இருந்திருக்கலாம். சென்னிமலைக்காரனான எனக்கு அவரைப் பார்த்ததும் உடுக்கடிக்காரர்தான் நினைவுக்கு வந்தார்.

அண்ணமார் கதையைச் சொல்லாமல் இங்கே நகர முடியாது. பொன்னர் சங்கர் யார் என்று கொங்கு வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்தக் கதையைப் பாடுகிறவர் இடது கையில் உடுக்கையின் இடைக்கயிற்றை அழுத்தியும் தளர்த்தியும் ஒலியை ஏற்றி இறக்குவார். வலது கை விரல் தோலில் விழும். சங்கர் சாவார், பிறகு பொன்னர் சாவார். படுகளத்தில் தங்கை தங்காள் வந்து அழும்போது, தங்காளாக அழுவதும் அந்த அழுகைக்குத் தாளம் போடுவதும் அந்த ஒரே மனிதர். தொண்டை அடைத்துக்கொண்டாலும் விரல் நிற்கக் கூடாது. 1965-இல் நம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கியிருந்த மானுடவியலாளர் பிரெண்டா பெக், இந்தக் கதையை முழுதாக ஒலிநாடாவில் பதிந்து வைத்தார். நம் விஸ்வவித்யாலயங்கள் செய்திருக்க வேண்டிய வேலை அது. அவருக்குக் கொங்கு நாடே கடன்பட்டிருக்கிறது.

அடித்துக்கொண்டே அழுகிற அந்த வித்தைதான் அசீமிடம் இருந்தது. அவருக்கு உடுக்கடிப் பாட்டோடு தொடர்பு இருந்ததாக நான் சொல்ல வரவில்லை. அவர் வந்த வழி வேறு. ஆனால் காதுக்கு இரண்டும் ஒரே சாதி.

குழு 1990-இல் தொடங்கியது. கிட்டாரில் சுஸ்மித் சென். பிறகு பாஸ் கிட்டாரோடு ராகுல் ராம், டிரம்ஸுக்கு அமித் கிலாம். 1997 ஜனவரி 1 அன்று சஃப்தர் ஹஷ்மி நினைவாக டெல்லியில் சஹ்மத் அமைப்பு நடத்திய நிகழ்ச்சியில் இவர்கள் வாசித்தது 'டெசர்ட் ரெயின்' ஆல்பமானது. தெரு நாடகம் போட்டதற்காக அடித்துக் கொல்லப்பட்டவர் ஹஷ்மி. அவரை நினைக்கக் கூடிய கூட்டத்தின் நடுவில் பதிவான இசை அது. இந்தியாவில் வந்த ராக் ஆல்பங்களில் அதற்கு மேல் ஒன்றை நான் வைக்க மாட்டேன். 2000-இல் வந்து பேர் வாங்கிக்கொடுத்த 'கண்டீசா'வைக்கூட.

2009-இல் தோஹா போயிருந்தபோது அசீமுக்கு மாரடைப்பு வந்தது. அந்த டிசம்பர் 25 அன்று இறந்துபோனார். மறு ஏப்ரலில் குழுவைப் பற்றிய 'லீவிங் ஹோம்' என்ற ஆவணப்படம் தியேட்டர்களுக்கு வந்தபோது, திரையில் அவர் பாடிக்கொண்டிருந்தார்.

மற்ற மூவரும் குழுவைக் கலைக்கவில்லை. அவர் இடத்துக்கு ஹிமான்ஷு ஜோஷி பாட வந்தார்; தபலாவுக்குத் துஹீன் சக்ரவர்த்தி. ஒருவர் உட்கார்ந்திருந்த இடத்துக்கு இரண்டு பேர். பாடிக்கொண்டே வாசிக்கிற இன்னொருவரைத் தேடிப்பிடித்து அசீமைப்போல உட்காரவைத்திருந்தால் நான் அந்தக் குழுவைக் கேட்பதையே விட்டிருப்பேன்.

சியாட்டில் நண்பர்களுக்கு ஆண்ட்ரூ இல்லாமல் பாட வேண்டியிருந்தது. டெல்லி நண்பர்களின் கையில் அசீமின் குரலும் தபலாவும் பதிவாகி இருந்தன, ஏழு பாட்டில். கரோல் பாகில் 1997 முதல் அவர்கள் பயிற்சி செய்த பழைய வீட்டின் கதவிலக்கத்தையே ஆல்பத்துக்குப் பெயராக வைத்தார்கள்: '16/330 கஜூர் ரோடு'. அதை எந்தக் கம்பெனியிடமும் கொடுத்து விற்கவில்லை. 2010 ஜூலை 25 அன்று 'சாந்த்' பாட்டில் தொடங்கி, மாதம் ஒன்றாக, யார் வேண்டுமானாலும் இணையத்தில் காசில்லாமல் எடுத்துக்கொள்ளும்படி விட்டார்கள்.

கச்சேரிப் பணத்தில் பிழைக்கும் ஒரு குழு ஆல்பத்தைச் சும்மா கொடுக்கும் அளவுக்கு ரெக்கார்டு கம்பெனிகளிடம் பட்டது என்ன? 1993-இல் எச்.எம்.வி. வெளியிட்ட முதல் கேசட்டிலிருந்து அதை ஆரம்பிக்க வேண்டும். அடுத்த வாரம்.